பார் மேலே பொட்டாசியம்: சிலிக்கன் தளத்தில் அணுக்கள் இடம் பிடிக்கும் விதம்

மஞ்சள் போடுகிற சாளைகளில், அதாவது தோட்டத்து வீடுகளில், பொட்டாஷ் மூட்டை ஒன்று எப்போதும் மூலையில் சாய்ந்திருக்கும். கிழங்கு பருக்க வேண்டுமென்றால் பொட்டாஷ் வேண்டும் என்பது கோபி, பெருந்துறை, கொடுமுடிப் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்த மூட்டைக்குள் பொட்டாசியம் இருக்கிறது, ஆனால் உலோகமாக இல்லை. தன்னிடம் இருந்த ஓர் எலக்ட்ரானைக் குளோரினிடம் கொடுத்துவிட்டு, அயனியாக அடங்கி உட்கார்ந்திருக்கிறது. 1807-ல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேயர் உருகிய காஸ்டிக் பொட்டாஷில் மின்சாரம் பாய்ச்சி, இழந்த எலக்ட்ரானை அதற்குத் திருப்பிக் கொடுத்தார். அன்றுதான் பொட்டாசியம் உலோகத்தை முதன்முதலாக மனிதர் கண்ணால் பார்த்தார்கள். கத்தியால் நறுக்கலாம், அவ்வளவு மிருது. தண்ணீர் பட்டால் இளஊதாச் சுடரோடு எரியும். கிடைத்த எலக்ட்ரானை மறுபடி யாரிடமாவது கொடுத்துவிடத்தான் அது அப்படித் தவிக்கிறது.

இந்தத் தவிப்பைப் பிடித்துக்கொண்டால், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் பாதி புரிந்துவிடும்.

போன வைகாசியில் தோட்டத்தில் விதை மஞ்சள் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா மகள் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு முடித்திருந்தாள். வரப்பில் உட்கார்ந்து போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மின்சாரத்தை ஓரளவே கடத்தும் குறைக்கடத்தி ஒன்றின் மேல் சீசியம் என்ற உலோகத்தின் அணுக்கள், உருண்டை உருண்டையாக, நூல் பிடித்தாற்போல் வரிசையில் நின்றன.

"ஏனுங் மாமா, இது எங்கெங்க உக்காரோணும்னு அதுக்கு ஆரு சொல்லித் தர்றது? கயிறு புடிச்சு நட்டாப்பல இருக்குதுங்களே."

"கயிறு புடிச்சது கீழ இருக்கற காடுதான் அம்முணி. ஆனா முழுசா காடும் இல்ல."

எங்கள் பக்கத்தில் காடு என்றால் பயிர் வைக்கும் நிலம். அதற்குள் மடை திருப்பக் கூப்பிட்டார்கள், பேச்சு நின்றுபோனது. ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் இந்தத் தளங்களோடுதான் என் பகலும் இரவும் கழிந்தன. அவளுக்கு அன்று முழுதாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஒற்றை எலக்ட்ரான்

லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபிடியம், சீசியம். இவைதான் கார உலோகங்கள். ஆறாவதான ஃபிரான்சியம் கதிரியக்கத்தால் சீக்கிரம் அழிந்துவிடும், அதை விட்டுவிடலாம். ஐந்துக்கும் பொதுவான குணம், வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான் இருப்பது. அதைப் பிடித்துவைத்திருக்கும் பிடியும் தளர்வு. லித்தியத்திலிருந்து அதைப் பிரிக்க 5.39 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் போதும், சோடியத்துக்கு 5.14, பொட்டாசியத்துக்கு 4.34, ருபிடியத்துக்கு 4.18, சீசியத்துக்கு வெறும் 3.89. அணு பெரிதாகப் பெரிதாக வெளி எலக்ட்ரான் கருவை விட்டுத் தள்ளிப்போகிறது, பிடியும் தளர்கிறது. நிலையான தனிமங்களில் சீசியத்தைவிட மலிவாக எலக்ட்ரானைத் தருவது எதுவும் இல்லை.

இப்போது வாங்குபவரின் கணக்கைப் பார்ப்போம். ஒரு திடப்பொருளின் உள்ளேயிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்க ஆகும் குறைந்தபட்ச ஆற்றலுக்கு வெளியேற்று ஆற்றல் என்று பெயர். பிளஸ் டூ பாடத்தில் ஒளிமின் விளைவில் வருகிறதே, அதேதான். டங்ஸ்டனுக்கு அது ஏறத்தாழ 4.5 எலக்ட்ரான் வோல்ட். எடுக்க 4.5 செலவு என்றால், வெளியிலிருந்து ஓர் எலக்ட்ரான் உள்ளே வந்து சேரும்போது அதே 4.5 மிச்சமாகும். சீசியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 3.89 போகிறது, டங்ஸ்டனுக்குள் விட்டால் 4.5 வருகிறது. லாபம் தரும் கொடுக்கல் வாங்கல் தானாக நடந்துவிடும். 1920-களில் லாங்மியூரும் கிங்டனும் இதைச் சோதனையில் கண்டார்கள். சூடான டங்ஸ்டன் கம்பியின் மேல் மோதும் சீசியம் அணு ஒவ்வொன்றும் எலக்ட்ரானை அங்கே விட்டுவிட்டு அயனியாகப் பறந்துபோனது.

கம்பி அவ்வளவு சூடாக இல்லாவிட்டால் அணு பறக்காது, தளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது மேலே நேர்மின்னூட்டம் உள்ள அணு, அதற்கு நேர் கீழே அது கொடுத்த எலக்ட்ரான். மேலே கூட்டல், கீழே கழித்தல் என்று நிற்கும் இந்த ஜோடிதான் மின் இருமுனை.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பிறக்கின்றன. அணுவுக்குத் தன் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் கை எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்க வேண்டும். அது ஓர் இழுப்பு. பக்கத்தில் வந்து நிற்பதும் தன்னைப் போலவே கூட்டல் மேலாக, கழித்தல் கீழாக நிற்கும் இன்னொரு அணு. ஒரே பக்கம் பார்த்து நிற்கும் இருமுனைகள் ஒன்றையொன்று தள்ளும். அது ஒரு விலக்கு. தூரம் இரண்டு மடங்கானால் அந்த விலக்கத்தின் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். இந்த இழுப்புக்கும் விலக்குக்கும் நடுவே ஏற்படும் சமரசம்தான் அக்கா மகள் காட்டிய வரிசை.

சிலிக்கன் என்ற காடு

உலோகத் தளம் கிட்டத்தட்ட வழுவழுப்பான களத்துமேடு மாதிரி. எங்கு நின்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குறைக்கடத்தி அப்படி இல்லை. அதனால்தான் எனக்கு அது பிடித்துப்போனது.

படிகச் சிலிக்கனின் ஒவ்வோர் அணுவுக்கும் நான்கு கைகள். நான்கும் பக்கத்து நான்கு அணுக்களைப் பிடித்திருக்கும். படிகத்தைக் குறுக்கே வெட்டினால், வெட்டுமுகத்தில் இருக்கும் அணுக்கள் மேலே பிடிக்க ஆளில்லாமல் நிற்கும். படிகத்தை எந்தத் திசையில் வெட்டினோம் என்பதை (100), (111) என்று எண்களால் குறிப்பார்கள். கணினிச் சில்லுகள் பெரும்பாலும் செய்யப்படும் (100) என்ற முகத்தில், ஒவ்வொரு மேல் அணுவுக்கும் இப்படி இரண்டு கைகள் வெறுமையாகத் தொங்கும். இதைத் தொங்கு பிணைப்பு என்கிறோம். அது செலவு மிகுந்த நிலை. அதனால் அடுத்தடுத்த இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து ஒரு கையைக் கோத்துக்கொள்கின்றன. அந்த ஜோடிக்கு டைமர் என்று பெயர். ஜோடிகள் பக்கம் பக்கமாக அடுக்கி நீளமான வரிசைகளாகின்றன, வரிசைகளுக்கு நடுவே பள்ளம் விழுகிறது. 1959-ல் ஷ்லியர், ஃபார்ன்ஸ்வர்த் இருவரும் எலக்ட்ரான்களைத் தளத்தில் சிதறவிட்டு, வெட்டுமுகத்தில் ஒரு திசையில் இடைவெளி இரட்டிப்பாகியிருப்பதைக் கண்டார்கள். 1980-களில் ஊசிமுனையால் தளத்தைத் தடவிப் பார்க்கும் ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கி வந்தபின், வரிசைகள் நேராகவே தெரிந்தன.

மேடு, பள்ளம், மேடு, பள்ளம். எங்கள் பக்கத்து வார்த்தையில் சொன்னால் பாரும் சாலும். மஞ்சளுக்குப் பார் பிடித்த காட்டைச் சாளைத் திண்ணையிலிருந்து பார்ப்பது போலவே இருக்கும் அந்தப் படம்.

இந்த ஒப்புமையைக் கொஞ்சம் அளந்தே பார்க்கலாம். மஞ்சளுக்குப் பாருக்குப் பார் ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர் விடுகிறோம். சிலிக்கனில் வரிசைக்கு வரிசை 7.68 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரைக் கோடியாக வெட்டினால் ஒரு துண்டு ஓர் ஆங்ஸ்ட்ராம். சிலிக்கனின் வரிசை இடைவெளியை நம் பார் இடைவெளியின் அளவுக்குப் பெரிதாக்கினால், 1 மில்லிமீட்டர் சிலிக்கன் துண்டு 580 கிலோமீட்டருக்கும் மேல் நீளும். கோவையில் தொடங்கிய காடு சென்னையையும் தாண்டிப் போகும், அவ்வளவு தூரமும் பார் பிடித்தபடி.

இன்னொன்று. எவ்வளவு மெருகேற்றினாலும் சிலிக்கன் தளம் ஒரே மட்டத்தில் இருக்காது, படிப்படியாக இறங்கும். ஓர் அணுப் படியின் உயரம் 1.36 ஆங்ஸ்ட்ராம். நம் காட்டின் அளவில் அது 8 சென்டிமீட்டர், நான்கு விரல்கடை. அந்தப் படியில் இறங்கியதும் வரிசைகள் சரியாக 90 பாகை திரும்பிவிடும். மேல் வயலில் பார் கிழக்கு மேற்காக ஓடினால் கீழ் வயலில் தெற்கு வடக்காக ஓடும். சிலிக்கன் படிகத்துக்குள் அடுக்குக்கு அடுக்கு பிணைப்புகளின் திசை மாறிமாறி வருவதே காரணம். வாட்டம் பார்த்து, வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு திசையிலும் அந்தப் பக்கம் இன்னொரு திசையிலும் பார் பிடிக்கும் தோட்டங்களை நாம் பார்த்திருக்கிறோம். முதன்முதலாக நுண்ணோக்கித் திரையில் இதைப் பார்த்த இரவில் எனக்கு நினைவு வந்ததும் அதுதான்.

ஜோடி சேர்ந்தபின்னும் ஒவ்வொரு மேல் அணுவுக்கும் ஒரு கை மிச்சம் இருக்கிறது. கார உலோகத்தின் எலக்ட்ரானை வாங்கக் காத்திருப்பது அந்தக் கைதான்.

இப்படிப்பட்ட தளத்தைக் காற்றில் வைத்துப் பார்க்க முடியாது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீராவியும் நொடிக்குள் எல்லாக் கைகளையும் பிடித்துவிடும். நம் மேல் இருக்கும் காற்றழுத்தம் 760 டார். ஒரு டாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தத்தில்கூட ஏறக்குறைய ஒரு நொடியில் தளம் முழுவதையும் மூடும் அளவுக்கு மூலக்கூறுகள் வந்து மோதும். அதையும் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் மூன்று மணி நேரம் கிடைக்கும். அதற்குத்தான் எஃகுக் கலன், அடுக்கடுக்காகப் பம்புகள். கலனின் சுவரில் ஒட்டிய ஈரம் போக, நாள் கணக்கில் வெளியே சூடேற்றி வாட்ட வேண்டும். கிணற்றுக்குப் பம்பு இறக்கிப் பழகிய கோவைக்காரர்களுக்கு இந்தப் பொறுமை புதிதாக இருக்காது. பிறகு சிலிக்கன் துண்டில் மின்சாரம் பாய்ச்சி 1200 டிகிரி வரை ஒரு கணம் பழுக்கவைத்தால் அழுக்கெல்லாம் போய்விடும். பொட்டாசியம் குரோமேட் போன்ற உப்பு அடைத்த சின்ன உலோகக் குழலைச் சூடாக்கினால் பொட்டாசியம் அணுக்கள் ஆவியாக வந்து, தூறல் போல மெல்லத் தளத்தில் விழும்.

பார் மேலா, சாலுக்குள்ளா?

விழுந்த அணு எங்கே நிற்கும்? 1973-ல் லெவின் என்பவர் ஒரு மாதிரியைச் சொன்னார். சீசியம் அணுக்கள் பாரின் உச்சியில், அடுத்தடுத்த இரண்டு ஜோடிகளுக்கு நடுவே அமர்கின்றன என்றார். அங்கே நான்கு சிலிக்கன் அணுக்களின் மிச்சக் கைகள் சுற்றிலும் இருக்கும். பீடத்தில் அமர்ந்ததுபோல் இருப்பதால் பீட இடம் என்றே பெயர். இந்தக் கணக்கில் பாரின் நீளத்துக்கு 3.84 ஆங்ஸ்ட்ராமுக்கு ஓர் அணு நிற்கும், சால் காலியாகக் கிடக்கும். தளத்தில் இரண்டு சிலிக்கன் அணுவுக்கு ஒரு சீசியம்.

வெகுநாள் இந்த மாதிரிதான் கையில் இருந்தது. 1988-ல் அபுகாவா, கோனோ என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் பொட்டாசியத்தை வைத்துச் சோதித்தார்கள். ஒளியால் அணுவிலிருந்து எலக்ட்ரானைத் தட்டி எழுப்பி, அது எந்தெந்தத் திசையில் கூடுதலாக வருகிறது என்று அளந்தால், சுற்றியிருக்கும் அணுக்களின் இடம் தெரியவரும். அவர்கள் கண்டது ஒரு வரிசையை அல்ல, இரண்டை. பொட்டாசியம் பார் மேலேயும் இருந்தது, சாலுக்குள்ளேயும் இருந்தது. பார் மேல் நிற்பது உயரத்தில், சாலுக்குள் நிற்பது தாழ்வில். தளம் நிறைந்தபின் ஒரு சிலிக்கன் அணுவுக்கு ஒரு பொட்டாசியம் என்ற கணக்கு. மஞ்சளுக்கு நடுவே சின்ன வெங்காயம் ஊடுபயிராக வைக்கிறோமே, அந்த அமைப்பு. பார் மட்டும் நிறைந்தால் போதும் என்று நினைத்த காட்டில் சாலும் விளைச்சலுக்கு வந்துவிட்டது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இந்தத் துறையில் பல ஆண்டுகள் வாதம் நடந்ததும் அதைச் சுற்றித்தான். பொட்டாசியம் உலோகத்துக்குள் ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடையே ஏறத்தாழ 4.6 ஆங்ஸ்ட்ராம் தூரம் உண்டு. சிலிக்கன் பாரின் மேல் அதற்குக் கிடைப்பதோ 3.84. நம் காட்டின் அளவில் சொன்னால், 27 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மட்டைத் தேங்காயை இருபத்திரண்டரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக வரிசையில் வைக்கச் சொல்வது போல. வைக்க முடியாது. ஆனால் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்ட பொட்டாசியம் அயனியின் விட்டம் 2.8 ஆங்ஸ்ட்ராம்தான். அதே அளவில் 16 சென்டிமீட்டர், மட்டை உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிது. அது தாராளமாக வரிசையில் உட்காரும்.

அப்படியானால் எலக்ட்ரானை முழுசாகக் கொடுத்துவிட்டது என்று சொல்லிவிடலாமா? அவ்வளவு எளிதில் முடியாது. 1935-லேயே கர்னி என்பவர் சொன்ன படம் ஒன்று உண்டு. அணு தளத்தை நெருங்கும்போது அதன் எலக்ட்ரான் நிலை கூர்மையாக இருக்காமல் பரந்துவிடும், ஆகவே எலக்ட்ரான் கொஞ்ச நேரம் இங்கே, கொஞ்ச நேரம் அங்கே என்று பகுதியாகவே மாறும். முழுக்கக் கொடுத்த அயனிப் பிணைப்பு என்று ஒரு தரப்பும், பாதி பகிர்ந்த பிணைப்பு என்று மற்றொரு தரப்பும் 1980-களிலும் 90-களிலும் கணக்கீடுகளோடு வாதாடின. தளத்தில் அணுக்கள் குறைவாக இருக்கும்போது கொடுப்பது அதிகம், நெருங்கநெருங்கக் கொடுப்பது குறைகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் ஒரு தொடக்க வாசகருக்குப் போதும்.

ஏன் குறைகிறது? பக்கத்து இருமுனைகள் எல்லாம் சேர்ந்து எழுப்பும் மின்புலம், ஒவ்வோர் அணுவின் எலக்ட்ரானையும் மேல் நோக்கித் திருப்பித் தள்ளுகிறது. இதை நேரடியாக அளக்க ஒரு வழி உண்டு. சுத்தமான சிலிக்கனின் வெளியேற்று ஆற்றல் 4.8 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி இருக்கும். சீசியமோ பொட்டாசியமோ தூறத் தொடங்கியதும் அது சரசரவென்று இறங்கும். ஒவ்வோர் இருமுனையும் வாசல்படியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கித் தாழ்த்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தத்தில் ஏறத்தாழ 3 எலக்ட்ரான் வோல்ட் இறங்கிவிடும். டங்ஸ்டன் மேல் சீசியம் வைத்து டெய்லரும் லாங்மியூரும் 1933-ல் செய்த அளவீட்டில் இன்னொன்றும் தெரிந்தது. இறக்கம் ஓரிடத்தில் நின்று, அதற்குமேல் அணுக்கள் சேரச்சேர வளைவு மெல்ல மேலே ஏறியது. அணுக்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கியபின் எலக்ட்ரான்களைத் தங்களுக்குள்ளேயே பகிர்ந்துகொண்டு, சாதாரண சீசியம் உலோகமாக மாறத் தொடங்குகின்றன. தூறிக்கொண்டே அந்த வளைவு கண்முன் விழுந்து, திரும்பி, ஏறுவதைப் பார்ப்பது இந்த வேலையில் எனக்கு எப்போதும் அலுக்காத காட்சி.

சூடேற்றினால் காடே மாறும்

இதுவரை தளம் அப்படியே இருந்தது, வந்தவர்கள் இடம் தேடினார்கள். வெப்பம் கொடுத்தால் கதை தலைகீழாகும்.

சிலிக்கனின் (111) முகத்தை எடுத்துக்கொள்வோம். இதைச் சூடாக்கிச் சுத்தம் செய்தால் ஏழுக்கு ஏழு என்ற பெரிய கட்டத்தில் தன்னை அடுக்கிக்கொள்ளும். 49 தொங்கு பிணைப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் 19 மட்டுமே மிஞ்சும்படியான சிக்கலான அடுக்கு அது. 1983-ல் பின்னிக்கும் ரோரரும் தங்கள் புதிய நுண்ணோக்கியில் அதைப் படமாக்கினார்கள். அந்தக் கருவிக்காக 1986-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அடுக்கின் முழு வரைபடத்தை 1985-ல் தக்கயனாகி குழுவினர் தீர்த்தார்கள். அறை வெப்பநிலையில் இதன்மேல் சில சோடியம் அணுக்களை விட்டால், அவை ஓரிடத்தில் நிற்காமல் கட்டத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நுண்ணோக்கியின் ஊசி ஒரு கோடு இழுப்பதற்குள் அவை எத்தனையோ இடம் மாறிவிடுவதால், படத்தில் அணு தெரியாது, மங்கலான பூச்சுதான் தெரியும். எண்ணிக்கை கூடியதும் கூடிக்கூடிக் கொத்துகளாக நின்றுவிடும்.

அதே முகத்தைச் சில நூறு டிகிரிக்குச் சூடேற்றிக்கொண்டே கார உலோகத்தைத் தூறினால் ஏழுக்கு ஏழு கட்டம் கலைந்துபோகும். அந்த இடத்தில் மூன்று மடங்கு இடைவெளியுள்ள நீண்ட கோடுகள் தோன்றும். மூன்றுக்கு ஒன்று என்று இந்த அமைப்பைக் குறிப்பார்கள். விசித்திரம் என்னவென்றால் லித்தியம் போட்டாலும் சோடியம் போட்டாலும் பொட்டாசியம் போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே கோலம்தான் வரும். லித்தியத்தைவிடப் பொட்டாசியம் எவ்வளவோ பெரியது. அளவு பார்த்து இடம் பிடித்திருந்தால் கோலம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால், அந்தக் கோலத்தைப் போடுவது உலோக அணு இல்லை என்று அர்த்தம்.

1998-ல் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தன. கோலத்தைப் போடுவது சிலிக்கன்தான். மேல் அடுக்குச் சிலிக்கன் அணுக்கள் தங்களைத் தேன்கூட்டுக் கண்ணிகள் கொண்ட சங்கிலிகளாக மாற்றி அடுக்கிக்கொள்கின்றன. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே ஒரு வாய்க்கால். கார உலோக அணுக்கள் அந்த வாய்க்காலுக்குள் வரிசையாக நிற்கின்றன. சங்கிலி அமைதியாக இருக்க வேண்டுமென்றால் அதன் ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் எலக்ட்ரான் கூடுதலாக வேண்டும். வாய்க்காலில் நிற்கும் அணு அதைக் கொடுக்கிறது. அந்த எலக்ட்ரானை எந்த உலோகம் கொடுத்தது என்று சிலிக்கன் கேட்பதில்லை.

இந்த விளக்கத்தை நான் நம்புவதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமில்லை, அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. ஒரு கண்ணிக்கு ஓர் எலக்ட்ரான்தான் கணக்கு என்றால், இரண்டு எலக்ட்ரான் தரும் உலோகத்தைப் போட்டால் என்ன ஆக வேண்டும்? அணுக்களில் பாதி போதும். மெக்னீசியம், கால்சியம், பேரியம் ஆகியவை வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான் உள்ளவை. அவற்றை இதே முகத்தில் போட்டுப் பார்த்தால் அதே தேன்கூட்டுச் சங்கிலிகள், அதே வாய்க்கால், ஆனால் உள்ளே நிற்கும் அணுக்கள் பாதி. கார உலோகம் தளத்தின் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் நின்றது, இவை ஆறில் ஒரு பங்கில் நிற்கின்றன. வாய்க்காலில் ஓர் இடம் விட்டு ஓர் இடம். இந்த ஒன்றைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும் நாளில் வகுப்பில் தூங்கும் பையன்கூட நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆக, குளிரில் காடு இடம் காட்டியது, விழுந்த அணு அதில் நின்றது. சூட்டில் காடே உழுது மாற்றப்படுகிறது. மாற்றச் சொல்வது வந்தவன் கொண்டுவந்த எலக்ட்ரான்.

அக்கா மகள் காட்டிய படம்

அவள் போனில் இருந்தது வேறொரு தளம். காலியம் ஆர்சனைடு. அதன் (110) முகம் சிலிக்கனைப் போல ஜோடி சேர்வதில்லை. ஆர்சனிக் அணு கொஞ்சம் மேலே எழும்பும், காலியம் கொஞ்சம் உள்ளே அமிழும், அவ்வளவுதான். ஆர்சனிக்கும் காலியமும் மாறிமாறி நெளிந்து நெளிந்து ஓடும் வரிசைகள் அங்கேயும் உண்டு. வாங்கும் கை உள்ளது காலியம். 1989-லும் அதையடுத்த ஆண்டுகளிலும் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் குழு அதன்மேல் சீசியத்தைத் தூறி, அறை வெப்பநிலையிலேயே நுண்ணோக்கியால் பார்த்தது. ஒன்றையொன்று விலக்க வேண்டிய சீசியம் அணுக்கள் தனித்தனியாகச் சிதறாமல், நெளிநெளியான நீண்ட சங்கிலிகளாக ஓடின. நூற்றுக்கணக்கான ஆங்ஸ்ட்ராம் நீளம், இரண்டு அணு அகலம். வரிசையின் திசையில் தளம் ஏற்படுத்தும் ஈர்ப்பு அந்த விலக்கத்தை வென்றுவிடுகிறது. குறுக்குத் திசையில் வெல்வதில்லை, அதனால் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன.

உலோக அணுக்களைக் கம்பி போலக் கோத்துவிட்டதால் அதில் மின்சாரம் பாயும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். பாயவில்லை. அந்தச் சங்கிலியும் சரி, அணுக்கள் கூடித் தளத்தை மூடும் ஒற்றைப் படலமும் சரி, மின்காப்பான்களாகவே இருந்தன. அதன்மேல் இன்னோர் அடுக்கு ஏறிய பிறகே உலோகக் குணம் வந்தது. உலோகம் என்பது தனி அணுவின் குணம் இல்லை, போதுமான அளவு நெருங்கி நிற்கும் கூட்டத்தின் குணம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் பார்த்ததில்லை.

இந்தக் காலியம் ஆர்சனைடுக்கும் சீசியத்துக்கும் இன்னொரு வரலாறு உண்டு. 1965-ல் ஷீர், வான் லார் இருவரும் இந்தப் படிகத்தில் சீசியத்தைப் பூசியபோது வெளியேறும் வாசல் அவ்வளவு தாழ்ந்தது. உள்ளே ஒளி பட்டுக் கடத்து பட்டைக்கு, அதாவது படிகத்துக்குள் தடையின்றி நகரக்கூடிய மேல் ஆற்றல் மட்டத்துக்கு, ஏறிய எலக்ட்ரானுக்கு, வெளியே இருக்கும் வெற்றிடம் தன்னைவிடத் தாழ்ந்த மட்டமாகிவிட்டது. ஏரிக்குள் நிற்கும் தண்ணீருக்கு மதகைத் திறந்தாற்போல எலக்ட்ரான் தானே வழிந்து வெளியேறும். மங்கிய நிலா வெளிச்சத்திலும் பார்க்க உதவும் இரவுநோக்கிக் கருவிகளின் உயர்ந்த ரகங்களுக்குள் இருப்பது இந்தச் சீசியம் பூசிய தளம்தான். சீசியத்தோடு கொஞ்சம் ஆக்சிஜனும் சேர்த்தால் வாசல் இன்னும் தாழ்கிறது என்று பின்னால் தெரிந்தது.

இதன் உறவுக்காரர் ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வரும் ஊட்டியில் இருக்கிறார். 2,200 மீட்டர் உயரத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வை நடத்துகிறது. ஏறத்தாழ 400 உணரிகள், அறுகோண அடுக்கில், ஒன்றுக்கொன்று 8 மீட்டர் தள்ளி நிற்கின்றன. பொள்ளாச்சித் தோப்புகளில் தென்னைக்குத் தென்னை விடும் 25 அடியை ஒட்டிய தூரம் அது. வானத்திலிருந்து வரும் துகள் உணரியின் பிளாஸ்டிக்கில் பாயும்போது ஒரு மெல்லிய ஒளிக்கீற்று பிறக்கும். அதைப் பிடிப்பது ஒளிப்பெருக்கிக் குழாய். இத்தகைய குழாய்களின் கண்ணாடி முகத்துக்கு உட்புறம் வழக்கமாகப் பூசப்படுவது, ஆண்டிமனியோடு பொட்டாசியமும் சீசியமும் போன்ற கார உலோகங்கள் சேர்ந்த மெல்லிய குறைக்கடத்திப் படலம். அதன் மேற்பரப்பில் நிற்கும் சீசியம் வாசலைத் தாழ்த்திக் கொடுக்கிறது. கீற்று படுகிறது, ஓர் எலக்ட்ரான் வெளியே குதிக்கிறது, அது குழாய்க்குள் லட்சக்கணக்காகப் பெருகி, கம்பி வழியே துடிப்பாகக் கணினிக்குப் போகிறது.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் அக்கா மகளை அங்கே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.